விருந்துக்குப் போன வீட்டில் நாப்கினை எங்கே போடுவது?

கேள்வி: எனக்கு வயது 26, சென்னையில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் என் தோழிக்குக் கல்யாணம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அவள் வீட்டிலேயே மூன்று நாள் தங்க வேண்டும். நாள் கணக்குப் பார்த்தால் சரியாக அப்போதுதான் எனக்குப் பீரியட்ஸ் வரும். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். கொல்லையில் ஒரே பாத்ரூம், உள்ளே குப்பைத்தொட்டி கிடையாது. போன தடவை நாப்கினைப் பையிலேயே ஒளித்து வைத்துக்கொண்டு, வாடை வந்துவிடுமோ என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். டாய்லெட்டில் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்கிறார்கள் சிலர். போடலாமா? இல்லை, தள்ளிப்போடும் மாத்திரை போட்டுக்கொள்ளட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

டாய்லெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். போடவே போடாதீர்கள். இந்த ஒரு தடவை மட்டும் என்றும் வேண்டாம்.

நாப்கின் பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும், கடைகளில் விற்கும் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக்கும் இருக்கிறது. தோலில் படும் மேல் விரிப்பும், கசியாமல் தடுக்கும் அடித்தாளும் பிளாஸ்டிக். நடுவில் மரக்கூழ். அதற்குள்ளே சர்க்கரை போலப் பொடியாக இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட். நீர் பட்டால் தன் எடையைப் போலப் பல மடங்கு உறிஞ்சிக்கொண்டு ஜெல்லியாகிவிடும். உங்கள் உடையைக் காப்பாற்றுகிற இதே குணம்தான் குழாய்க்குள் போனால் வினையாகிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்களோ அவ்வளவு ஊதிப் பெரிதாகும். கோப்பைக்கு அடியில் குழாய் வளையும் இடத்தில் சிக்கிக்கொண்டால் கல்யாண வீட்டின் ஒரே டாய்லெட்டும் அடைத்துவிடும்.

அங்கே சிக்காமல் போனாலும் அது எங்கேயும் காணாமல் போவதில்லை. கிராமத்து வீடென்றால் செப்டிக் டேங்க்கில் போய்க் கிடக்கும். மலம் மக்கும், நாப்கின் மக்காது. என்றைக்காவது லாரி வந்து உறிஞ்சும்போது குழாயின் வாயில் போய் அடைக்கும். அப்போது ஒரு மனிதர் கம்பை விட்டோ கையை விட்டோ அதை எடுக்க வேண்டியிருக்கும். பாதுகாப்பில்லாமல் யாரையும் செப்டிக் டேங்க்கில் இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நம் ஊரில் விஷவாயுத் தாக்கி ஆட்கள் சாகும் செய்தி நிற்கவில்லை. அப்படி ஓர் அடைப்புக்கு நம் வீட்டுக் குளியலறையிலிருந்து எதுவும் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஈரத் துடைப்பான்களுக்கும் இதேதான். உறையில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. உபயோகித்த நாப்கினை நன்றாகக் கழுவி, பிழிந்து, அப்புறம் சுற்றிப் போடுவது. துணி கட்டிய காலத்துப் பாட்டிகளிடமிருந்து வந்த சுத்தம் அது. துணிக்குச் சரி, இந்த நாப்கினுக்குச் சரிப்படாது. பிழியும்போது ஓரம் பிரிந்து, கொழகொழவென்று மணிமணியாக ஜெல்லி வெளியே வரும். அது பாத்ரூம் தரையில் வழுக்கும், சல்லடையில் போய் உட்காரும், எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் நகராது. ரத்தமும் ஈரமும் சேர்ந்து பொட்டலத்தில் வாடையும் கூடும். கழுவவே வேண்டாம். ஈரமில்லாமல் சுற்றினால்தான் நல்லது.

சுற்றுவது எப்படி என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயம் முழுக்க இதில்தான் தீரும். புதிய நாப்கினின் உறையைக் கிழித்தெறியாமல் பிரித்து மடிமேல் வையுங்கள். பழையதைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, ரத்தம் பட்ட பக்கம் உள்ளே போகும்படி இறுக்கிச் சுருட்டுங்கள். பசைப் பக்கம் வெளியே வரும், சுருள் தானாகவே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் புதியதின் உறைக்குள் வைத்துச் சுற்றி, அந்த உறையில் இருக்கும் சின்ன ஒட்டுப்பட்டையால் மூடுங்கள். இது முதல் சுற்று. அடுத்தது செய்தித்தாள். ஒரு முழுத் தாளை நாலாக மடித்துக் கிழித்தால் வரும் துண்டே போதும். மூலையில் சுருளை வைத்து, இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, மளிகைக் கடைப் பொட்டலம் போல உருட்டினால் பிரியாது. மூன்றாவதாக ஜிப் வைத்த கவர். அதற்குள் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள்.

வாடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாதவிடாய் ரத்தம் உடலை விட்டு வரும்போது அதற்குப் பெரிதாக நாற்றம் கிடையாது. காற்றும் ஈரமும் வெப்பமும் சேர்ந்து பாக்டீரியா பெருகும்போதுதான் வாடை கிளம்புகிறது. மேலே சொன்ன மாதிரி காய்ந்த தாளில் சுற்றி, காற்றுப் புகாத கவரில் வைத்தால் ஒரு நாள், ஒன்றரை நாள் பையில் இருந்தாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. பையை வெயிலில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். பிரிக்கிற 'சரசர' சத்தம் வெளியே கேட்குமே என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. வாளிக்குழாயைத் திறந்து விடுங்கள், சத்தம் அதிலேயே அடங்கிவிடும்.

சரி, பொட்டலத்தை என்ன செய்வது? முதல் வழி, தோழியிடம் சொல்லிவிடுவது. "எனக்கு டேட் ஆயிடுச்சுடி, இங்க குப்பை எங்க போடுவீங்க?" என்ற ஒரு வரி போதும். கல்யாணப் பெண்ணைத் தொந்தரவு செய்ய மனமில்லையா? அவளுடைய அம்மாவிடமோ அக்காவிடமோ "பழைய பேப்பர் இருக்காம்மா, நாப்கின் சுத்திப் போடணும்" என்று கேளுங்கள். பேப்பரும் வரும், எங்கே போட வேண்டும் என்ற தகவலும் வரும். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தெரிந்தால் போதும். யாருக்கும் தெரியாமல் ஜன்னல் மேல் செருகுவதும், ஓட்டு இடுக்கில் ஒளிப்பதும், கொல்லை வேலிக்கு அப்பால் வீசுவதும்தான் கடைசியில் எல்லார் கண்ணிலும் படும். நாய் இழுத்து முற்றத்தில் போட்டுவிட்டால் நீங்கள் பயந்ததை விடப் பெரிய சங்கடம்.

குப்பைக்குப் போவதென்றால் சமையல் கழிவோடு கலக்காதீர்கள். நன்றாகச் சுற்றி, தனிப் பொட்டலமாகக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. பொட்டலத்தின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய புள்ளி வைத்துவிடுங்கள். புனே நகரில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவு அமைப்பான 'ஸ்வச்' 2017இல் இதை ஓர் இயக்கமாகவே நடத்தியது. புள்ளியைப் பார்த்தால் உள்ளே என்ன என்று தெரியும், பிரிக்காமல் தனியே வைத்துவிடலாம். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிரோடிருக்கும். கையுறை இல்லாமல் குப்பை பிரிக்கும் தூய்மைக் காவலருக்கு அந்தப் புள்ளி ஒரு பாதுகாப்பு. கறுப்புக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டால் நமக்கு மறைவாக இருக்கும், ஆனால் அவர் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

அந்தக் கிராமத்தில் குப்பை வண்டி வருவதில்லை, எல்லாம் கொல்லையில் கொளுத்துவார்கள் என்றால், பொட்டலங்களைச் சென்னைக்கே கொண்டுவந்துவிடுங்கள். குறைந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் எரியும் புகை அடுப்படிக்கும் குழந்தைகளுக்கும்தான் போகும். புதைத்தாலும் பிளாஸ்டிக் மக்காது. நாப்கினை எரித்தால் கர்ப்பப்பை வறண்டுவிடும், பாம்பு பார்த்தால் பிள்ளை பிறக்காது என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை ஒன்றும் இல்லை, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ரயிலில் திரும்புகிறீர்கள் என்றால், பெட்டியின் டாய்லெட்டிலும் போடக் கூடாது. இப்போது இருப்பவை பயோ டாய்லெட். உள்ளே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவால் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்ய முடியாது, அடைத்துக்கொள்ளும். டாய்லெட்டுக்குள் அல்லது கை கழுவும் இடத்துக்கு அருகில் இருக்கும் தொட்டியைப் பயன்படுத்துங்கள்.

போடுவதற்கு இடமில்லை என்று மாற்றாமலே இருந்துவிடுவதுதான் மருத்துவராக என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. கல்யாண வீடு, பட்டுப்புடவை, காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே நாப்கின். கூடவே, பாத்ரூம் போகக் கூடாதென்று தண்ணீரும் குடிப்பதில்லை. முடிவில் தொடையில் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமாக என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். அதற்குள்ளாக, மணிக்கு ஒன்று நனைகிறது என்றால் அது வேறு விஷயம், பரிசோதனைக்கு வர வேண்டும்.

தள்ளிப்போடும் மாத்திரையைக் குப்பைத்தொட்டி இல்லை என்ற காரணத்துக்காகப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது ஹார்மோன் மாத்திரை. ரத்தம் உறையும் பிரச்சினை, ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கு ஆபத்து. வேறு காரணத்துக்காக வேண்டுமென்றாலும், மெடிக்கல் ஷாப்பில் நேராகக் கேட்டு வாங்காமல், தேதிக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பிறப்புறுப்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணமான மென்ஸ்ட்ருவல் கப் பழகியிருந்தால் உங்கள் சிக்கல் பாதி தீர்ந்தது. ஒரு மாதவிடாய் முழுவதிலும் வெளியேறும் ரத்தம் பெரும்பாலோருக்கு 80 மில்லிக்குள்தான். கப் ஒன்றில் 20 முதல் 30 மில்லி வரை பிடிக்கும். 12 மணி நேரத்துக்குள் ஒருமுறை எடுத்து, டாய்லெட்டிலேயே கொட்டி, சுத்தமான தண்ணீரில் அலசிப் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் அடுப்படியில் போய்க் கொதிக்க வைக்க வேண்டியதில்லை, புறப்படும் முன்பும் திரும்பிய பிறகும் உங்கள் வீட்டில் செய்தால் போதும். ஆனால் முதல்முதலாகப் பழகுவதற்குக் கல்யாண வீடு இடமல்ல. இப்போதே ஆரம்பித்தாலும் ஒரு சுழற்சிதான் கிடைக்கும், பலருக்கு இரண்டு மூன்று தேவைப்படும். கருத்தடைக்குக் காப்பர் டி வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், இழுக்கும்போது அது நகரக்கூடும். துணி நாப்கின் என்றால் நீர் கசியாத பையில் மடித்து வைத்து, மறுநாள் வீட்டுக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போடலாம். மூன்று நாள் தங்குவதற்கு அது தோதுப்படாது.

விரிப்பில் கறை பட்டால் பதறாதீர்கள். உடனே பச்சைத் தண்ணீரில் அலசிச் சோப்புப் போடுங்கள், போய்விடும். வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. கல்யாணத்துக்கு வரும் பெண்களில் அந்த மூன்று நாளும் இதே அவஸ்தையில் இருக்கப் போவது நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. தோழியிடம் இப்போதே பேசி, அந்தக் கொல்லைப் பாத்ரூமில் மூடி போட்ட ஒரு சின்ன வாளி, உள்ளே ஒரு கவர், ஜன்னலோரம் கிழித்து வைத்த பேப்பர், ஒரு சோப்பு, இவ்வளவையும் வைக்கச் சொல்லுங்கள். அதைத் தினமும் ராத்திரி யார் கட்டி எடுத்து வைப்பது என்பதையும் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே வாளி நிரம்பி, மறுபடியும் எல்லாரும் ஜன்னல் மேல் செருக ஆரம்பித்துவிடுவார்கள்.