அண்ணன் தேக்குத் தூண்களை விற்கிறார்: 1986இல் மணமான மகளுக்குப் பங்கு உண்டா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வளவு (நடு முற்றம்) வீடு இருக்கிறது. எனக்கு 1986இல் திருமணம் ஆனது. தம்பியை 1990இல் பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை கூட்டிவிட்டார்கள் (சுவீகாரம்). ஆத்தா (அம்மா) 1997இலும் அப்பச்சி (அப்பா) 2001இலும் காலமானார்கள். உயில் இல்லை, பாகமும் ஆகவில்லை. பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது. முகப்பிலும் வளவிலும் உள்ள பர்மா தேக்குத் தூண்களைப் பழைய சாமான் வியாபாரிக்கு விலைபேசி அவர் முன்பணம் வாங்கிவிட்டார். தன் பங்கை விடுதி நடத்தும் ஒருவருக்கு விற்கப்போவதாகவும் சொல்கிறார். கேட்டால், "1989க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்கிறார். என் அறைச் சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதலில் தூண்களைக் காப்பாற்றுங்கள். பங்குக் கணக்கு தாமதமாகத் தீர்ந்தாலும் உங்கள் பங்கு குறையாது. ஆனால் தூண் லாரியில் ஏறிவிட்டால் எந்தத் தீர்ப்பும் அதைப் பழைய இடத்தில் நிறுத்தித் தராது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள். அங்கேயும் வெறும் தடை மட்டும் கேட்டு வழக்குப் போட வேண்டாம். கூட்டு உரிமையாளருக்கு எதிரான தனித் தடை வழக்கு பலவீனமானது. பாகப்பிரிவினை வழக்கைத் தாக்கல் செய்து, அதனுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39, விதி 1, 2இன் கீழ் இடைக்காலத் தடை மனுவும், ஆணை 26, விதி 9இன் கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரும் மனுவும் ஒரே நாளில் கொடுங்கள். ஆணையர் நேரில் வந்து தூண், நிலை, கதவு, கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் படத்துடன் அறிக்கை தருவார். பிறகு "அந்தத் தூண் அங்கே இருந்ததே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

மனுவில் தூணின் விலையை மட்டும் எழுதினால், "நட்டஈடு வாங்கிக்கொள்ளலாமே" என்ற பதில் வரும். வளவைச் சுற்றிய தாழ்வாரத்தின் உத்தரமும் அடுக்கு ஓடும் அந்தத் தூண்கள் மேல்தான் நிற்கின்றன, எடுத்தால் கூரை இறங்கும், மழைநீர் சுவருக்குள் போகும் என்பதைப் பொறியாளர் ஒருவரின் குறிப்போடு சொல்லுங்கள். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பதற்கு அதுதான் சரியான ஆதாரம். கைபேசியில் எடுத்த படங்களுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றை இணைக்க மறக்காதீர்கள். தடை வந்த பின்னும் அண்ணன் மீறினால் அவர் சொத்தை ஜப்தி செய்யவும், 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

வியாபாரிக்கும் வழக்கறிஞர் மூலம் ஒப்புகையுடன் அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். அந்த வீட்டுக்கு 100 வயது ஆகியிருந்தால் இன்னொரு வலுவும் சேரும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளையும் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது. உரிமம் இல்லாமல் அதில் வணிகம் செய்யக் கூடாது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருப்பதைச் சிலர் நம்பியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் ஒரு தனி வீட்டின் தூணைத் தடுக்காது.

இனி பங்கு. அண்ணன் சொல்வது 25.3.1989 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம். அதற்கு முன் மணமான மகள்களை அது விலக்கியது உண்மைதான். ஆனால் 9.9.2005இன் மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதும் இல்லை என்று வினிதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று தெளிவாக்கிவிட்டது. 20.12.2004க்கு முன் பதிவு செய்த பாகப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருந்தால் கதை வேறு. உங்களுக்கு அது இல்லை. ஆகவே சரிபாதி உங்களுடையது. அண்ணன் சொல்லும் பழைய சட்டமே இன்றும் இருந்திருந்தாலும், அப்பச்சியின் வாரிசு என்ற முறையில் கால் பங்கு உங்களுக்கு வந்திருக்கும். பெண்கள் குடியிருப்பு வீட்டைப் பாகம் கேட்க முடியாது என்றிருந்த 23ஆம் பிரிவும் 2005இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பட்டா யார் பெயரில் இருந்தாலும் அது உரிமை மூலம் ஆகாது.

தம்பி விஷயத்தில் கவனம் தேவை. பிள்ளை போனவருக்குப் பிறந்த வீட்டு உறவு சுவீகார நாளோடு முடிகிறது. அதற்கு முன்பே அவருக்கு உரித்தாகிவிட்ட சொத்து மட்டும் அவருடன் போகும். பிரிக்கப்படாத பூர்வீகப் பங்கும் அப்படி உரித்தானதுதானா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. உரித்தானது என்று முடிவானால் உங்கள் பாதி அதற்கேற்பக் குறையும். எனவே தம்பியையும் பிரதிவாதியாகச் சேருங்கள், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். விட்டுவிட்டால், தேவையான தரப்பைச் சேர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பல வருட வழக்கு வீணாகலாம்.

அறைச் சாவியைக் கைவிடாதீர்கள். நீங்கள் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படி இருந்தால் நீதிமன்றக் கட்டணச் சட்டம் 37(2)இன்படி ஒரு நிலையான சிறு தொகை போதும். வெளியேற்றப்பட்டவர் என்றால் பங்கின் மதிப்பில் 3 சதவீதம் கட்ட வேண்டும். கோபத்தில் "என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்" என்று வழக்குரையில் எழுதி, தேவையில்லாத செலவை இழுத்துக்கொள்ள வேண்டாம். அறையில் உள்ள உங்கள் கல்யாணச் சீர் சாமான் பாகத்துக்கு வராது. அது முழுக்க உங்களுடையது. தனிப் பட்டியல் போட்டு வையுங்கள்.

விடுதிக்காரர் விஷயத்தில் பயப்பட வேண்டாம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆம் பிரிவு, வாரிசாக வந்த பங்கை அண்ணன் விற்க முற்படும்போது வாங்கும் முன்னுரிமையை உங்களுக்குத் தருகிறது. விருப்பத்தை இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் தீர்மானிக்கும். மீறி அவர் வாங்கினாலும், பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் வெளியாள் கூட்டாகக் குடியேற சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவு இடம் தரவில்லை. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே வாங்கலாம்.

படைப்புக்கு (முன்னோர் வழிபாடு) பங்காளிகள் கூடும்போது, "பழைய கூர்ச்சீட்டுதான், ஒரு கையெழுத்துப் போடு" என்று பாகக் குறிப்புத் தாள் நீட்டினால் போடாதீர்கள். முன்பே வாய்மொழிப் பாகம் ஆகிவிட்டது என்பதற்கு நாளை அதைத்தான் காட்டுவார்கள். பொது அதிகாரப் பத்திரமும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பணம் தடையாக இருந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அண்ணன் பேச வந்தால் மக்கள் நீதிமன்றத்திலேயே முடிக்கலாம். கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும், மேல்முறையீடும் கிடையாது. போகும்போது அப்பச்சியின் இறப்புச் சான்று, உங்கள் பெயர் உள்ள வாரிசுச் சான்று, வீட்டின் மூலப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, தம்பியின் சுவீகாரப் பத்திர நகல் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். பங்கு இல்லை என்று அண்ணன் முதன்முதலில் சொன்ன தேதியையும் குறித்து வையுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர் வழக்குப் போட, அது தெரியவந்த நாளிலிருந்து 12 ஆண்டுதான் காலவரம்பு.