பின்பக்கம் ரெடிமேட் கேபின் வைக்க பர்சனல் லோன் எடுக்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் 2,400 சதுர அடி மனையில் சொந்த வீடு, இரண்டு பெட்ரூம். எனக்கு வயது 41. சென்னையில் இருக்கும் ஐடி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மீட்டிங் எல்லாம் சாயங்காலம் ஆரம்பித்து இரவு 9 வரை போகும். அதே நேரத்தில் 5 மணியிலிருந்து 8 மணி வரை மனைவி ஹாலில் 8 பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார், தலைக்கு மாதம் 1,000 ரூபாய். இடம் இருந்தால் இன்னும் 10 பிள்ளைகள் வருவார்கள் என்கிறார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் வேறு. நிம்மதியாக உட்கார ஓர் இடம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் காலி இடம் இருக்கிறது, அங்கே டியூஷனுக்காக 20-க்கு 10 அடி ரெடிமேட் கேபின் வைக்கலாம் என்று நினைக்கிறேன். 3,40,000 ரூபாய்க்கு கொட்டேஷன் வந்திருக்கிறது (இணைத்துள்ளேன்), 15 நாளில் முடித்துத் தருவார்களாம். கொத்தனார் அதே அளவு ரூமுக்கு 4,60,000 கேட்கிறார். 7 வருஷம் கழித்து எப்படியும் மாடி எடுப்போம். அப்பாவோ "தகர டப்பாவுக்கு இவ்வளவு காசா" என்கிறார். 14% வட்டியில் 5 லட்சம் பர்சனல் லோன், 5 வருஷத்துக்குக் கிடைக்கிறது. எஃப்டியில் 6 லட்சம் இருக்கிறது, வீட்டுக் கடன் பாக்கி 11 லட்சம், வீட்டுச் செலவு மாதம் 55,000. அடுத்த தெருவில் ஒற்றை ரூம் 4,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறது, ஆனால் வாடகை வீண்தானே? என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த வாடகை ரூமில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் கேபினின் உண்மையான விலையைப் பார்த்துவிடுவோம்.

கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் "ஜிஎஸ்டி தனி" என்று போட்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா? ரெடிமேட் கட்டடங்களுக்கு 18%. 61,200 ரூபாய். ஆக 3,40,000 என்பது 4,01,200. அதோடு முடியவில்லை. கேபினைத் தரையில் அப்படியே வைக்க முடியாது, மழைத் தண்ணீர் அடியில் தேங்கினால் நாலு வருஷத்தில் அடிச்சட்டம் துருப்பிடித்து உளுத்துப்போகும், அதனால் கான்கிரீட் தூண் மாதிரி பீடங்கள் போட வேண்டும், என் கணக்கில் அதற்கு ஒரு 30,000. லாரியும் கிரேனும் 28,000. வீட்டு மெயின் போர்டிலிருந்து தனி லைன், எர்த், உள் வயரிங் எல்லாம் சேர்த்து 25,000. தஞ்சாவூர் வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் ஏசி இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள், பிள்ளைகள் நிச்சயம் உட்கார மாட்டார்கள், அதற்கு 42,000. கூட்டிப் பாருங்கள்: 5,26,200.

கொத்தனார் சொன்ன 4,60,000-த்துக்குள் சிமென்ட், கம்பிக்கான வரியும் வயரிங்கும் ஏற்கனவே அடங்கிவிட்டன. ஏசியைச் சேர்த்தால் 5,02,000. கேபின் 1,20,000 ரூபாய் மலிவு என்று நினைத்துதானே எழுதினீர்கள்? உண்மையில் 24,000 அதிகம்! கேபினில் மிச்சமாவது பணம் இல்லை, நாட்கள்தான். வீட்டில் மூன்று மாதம் மணலும் ஜல்லியும் கிடக்காது, அவ்வளவுதான்.

அப்படியானால் அப்பா சொல்வது சரியா? பாதி சரி. கேபினை வீட்டின் ஒரு பகுதியாக நினைக்காதீர்கள், கார் வாங்குவது மாதிரி நினையுங்கள். வந்து இறங்கிய நாளிலிருந்தே விலை இறங்கும். வருமான வரிக்கான தேய்மானப் பட்டியலிலேயே குடியிருப்புக் கட்டடத்துக்கு வருஷம் 5% என்றும், மரக் கட்டுமானம் மாதிரியான முழுக்கத் தற்காலிகமான கட்டடங்களுக்கு 40% என்றும் இருக்கிறது. உங்கள் இரும்புக் கேபின் இதில் எந்த வகை என்று ஆடிட்டர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், ஆனால் செங்கல்லும் தற்காலிகக் கூடமும் ஒன்றல்ல என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாளைக்கு வீட்டை விற்கப் போனால், வாங்குகிறவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அப்ரூவல் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அளப்பார், பின்னால் நிற்கும் கேபினுக்குப் பெரிதாக ஒன்றும் போட மாட்டார்.

அப்பா சொல்வதில் மறுபாதியையும் பார்க்க வேண்டும். 7 வருஷத்தில் மாடி எடுக்கப் போகிறீர்கள். அப்போது பின்பக்கச் செங்கல் ரூம் வெறும் ஸ்டோர் ரூமாகிவிடும், விற்கவும் முடியாது. கேபினைக் கிரேன் வைத்துத் தூக்கி விற்றுவிடலாம், கட்டுமான சைட்காரர்கள் பழைய கேபின் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு 80,000 ரூபாய் கிடைக்கும் என்று வையுங்கள் (இது என் ஊகம்தான், துரு பிடித்திருந்தால் பேரீச்சம்பழக்காரர் விலை). நிகரச் செலவு 4,46,200. 84 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 5,300 ரூபாய்.

இப்போது அந்த வீணாய்ப் போகும் வாடகை. மாதம் 4,000, வருஷத்துக்கு 5% ஏற்றம் என்று வைத்தாலும் 7 வருஷத்தில் மொத்தம் சுமார் 3,91,000 ரூபாய். கேபினைவிட 55,000 ரூபாய் குறைவு. கேபினில் முன்கூட்டியே போடும் 5 லட்சம் பேங்கில் இருந்திருந்தால் வரும் வட்டியை நான் சேர்க்கவே இல்லை, லோன் வட்டியையும் சேர்க்கவில்லை. வாடகை கொடுத்தால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்கிறோம். கேபினிலும் மிஞ்சப்போவது அந்த 80,000 ரூபாய் பழைய இரும்புதான், அதையும் கழித்த பிறகுதான் இந்த வித்தியாசம்.

அதனால் என் பதில் இது: இப்போதைக்கு கேபின் வேண்டாம். அடுத்த தெரு ரூமை 11 மாதத்துக்கு எடுங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், டியூஷனை அங்கே மாற்றுங்கள். டியூஷன் வெளியே போனாலே உங்கள் ஹால் காலியாகிவிடுகிறது, சாயங்கால மீட்டிங்குக்கு சத்தம் இல்லை. உங்களுக்கு இருப்பது ஒரு ரூம் பிரச்சினை என்று நினைக்கிறீர்கள், எனக்கு அது 5 மணியிலிருந்து 8 மணி வரைக்குமான பிரச்சினையாகத்தான் தெரிகிறது.

இன்னொன்றும் இந்த 11 மாதத்தில் தெரிந்துவிடும். இடம் இருந்தால் இன்னும் 10 பிள்ளைகள் வருவார்கள் என்பது இன்றைக்கு வெறும் நம்பிக்கை. வந்தால் பள்ளி நடக்கும் 10 மாதத்துக்கு வருஷம் 1,00,000 ரூபாய் கூடுதல் வருமானம், கேபின் தன் செலவைத் தானே சம்பாதித்துவிடும். வரவில்லை என்றால் ரூமைக் காலி செய்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கேபினைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். 2016-ல் என் வீட்டு மொட்டை மாடியில் ஆபீஸ் என்று ஷீட் ரூம் ஒன்று போட்டேன், ஆள் பேரைச் சொல்ல வேண்டாம், "ஏசியே தேவைப்படாது சார்" என்று சத்தியம் பண்ணினார். பங்குனி பிறந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தவன்தான். இப்போது அதில் பழைய சைக்கிளும் வீட்டம்மா காயவைக்கும் வடகமும் இருக்கின்றன. வடகம் நன்றாகவே காய்கிறது.

சரி, 11 மாதம் கழித்து டியூஷன் நன்றாக நடக்கிறது, கேபின் வேண்டும் என்றே முடிவு செய்தால் பணத்துக்கு என்ன வழி? பர்சனல் லோன் வேண்டாம். 5 லட்சம், 14%, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 11,634, வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 1,98,000. உங்கள் வீட்டுக் கடன் இருக்கும் வங்கியிலேயே டாப்-அப் (அதே வீட்டுக் கடனின் மேல் கூடுதல் கடன்) கேளுங்கள். 9% சுற்றிக் கிடைத்தால் அதே 5 லட்சத்துக்கு 5 வருஷத்தில் வட்டி 1,23,000. ஆனால் வங்கியில் "15 வருஷம் போட்டுக்கோங்க சார், தவணை 5,071 தான்" என்பார்கள். அதில் தலையாட்டாதீர்கள், வட்டி 4,13,000 ஆகிவிடும். 7 வருஷத்தில் தூக்கி விற்கப் போகிற பொருளுக்கு 15 வருஷம் தவணை கட்டினால், கேபின் போன பிறகும் 8 வருஷம் காலி இடத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட நல்ல வழி, எஃப்டியில் இருக்கும் 6 லட்சத்தில் ஆறு மாதச் செலவான 3,30,000-ஐத் தொடாமல் 2,50,000 எடுத்துக்கொள்வது. மிச்சத்தில் 2,50,000-க்கு மட்டும் 3 வருஷ டாப்-அப் எடுத்தால் தவணை 7,950 ரூபாய், மொத்த வட்டி 36,000 சொச்சம். மேற்கொண்டு வரும் இருபத்தாறாயிரத்தை இந்த 11 மாதத்தில் சேர்த்துவிட மாட்டீர்களா? மாறும் வட்டி விகிதக் கடனுக்கு முன்கூட்டியே கட்டினாலும் அபராதம் கிடையாது, போனஸ் வந்தால் அடைத்துவிடுங்கள்.

வருமான வரி பற்றி ஒரு வரி. டியூஷன் வருமானம் உங்கள் மனைவியின் படிப்புக்கும் உழைப்புக்கும் வருவது, அவர் கணக்கில்தான் வரும், உங்கள் சம்பளத்தோடு சேராது. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது. பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே வாங்கச் சொல்லுங்கள்.

அனுமதி விஷயத்தில் விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுதான் பாடுவார்கள்: "இது கட்டடமே இல்லை சார், தூக்கி வைக்கிற பெட்டி, அப்ரூவல் தேவையில்லை." சட்டத்தில் கட்டடம் என்றால் செங்கல் மட்டும் இல்லை, அவுட்ஹவுஸ், ஷெட் எல்லாம் உண்டு, மரமோ உலோகமோ எதில் செய்தாலும் கட்டடம்தான். உங்கள் பிளானை எடுத்து அந்தக் காலி இடத்தில் எவ்வளவு செட்பேக் (எல்லையோரம் கட்டாமல் விட வேண்டிய இடம்) என்று பாருங்கள், கேபின் அதற்குள் வந்தால் சிக்கல். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் எழுதினால் போதும், தூக்க வந்த கிரேனுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். சொத்து வரியில் பரப்பளவு மாறுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். கரண்ட் விஷயமும் இருக்கிறது: ஏசி ஓடி இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கணக்கும் வேறு விகிதத்துக்குப் போய்விடும். வீட்டு இணைப்பில் டியூஷன் நடத்தலாமா என்று மின்வாரியத்தில் கேட்டு வையுங்கள்.

கேபினில் என்ன பார்த்து வாங்குவது? நான் இன்ஜினியர் இல்லை, ஆனால் வாடிக்கையாளர்கள் ஏமாந்த இடங்கள் தெரியும். சுவருக்குள் இருப்பது பஃப் (பாலியூரித்தேன் நுரை) பேனலா தெர்மகோலா என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். உங்களுடையதில் வெறுமனே "இன்சுலேட்டட் பேனல்" என்றுதான் இருக்கிறது, அது எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகள் உட்காரப்போகும் இடம், தெர்மகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். பஃப் என்றால் குறைந்தது 50 மில்லிமீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ. தரைக்குப் பிளைவுட் வேண்டாம், கரையானுக்கு விருந்து, சிமென்ட் போர்டு கேளுங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள், கடைசிப் பங்கு ஒரு மழை பார்த்த பிறகு.

"பில் வேண்டாம்னா 18% மிச்சம் சார்" என்றும் ஒரு குரல் வரும். பில் இல்லை என்றால் வாரண்டி இல்லை, இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு ஆதாரம் இல்லை, விற்கும்போது உங்கள் பொருள் என்று காட்டவும் ஒன்றுமில்லை.

இன்சூரன்ஸ் என்றதும் தஞ்சாவூர்க்காரருக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா கரையேறியபோது டெல்டாவில் எத்தனை ஷீட்டுகள் பறந்தன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். பீடத்தில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், அந்தச் செலவைப் பேரம் பேசாதீர்கள். வீட்டு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் கேபினையும் அதில் டியூஷன் நடப்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால், கம்பெனி க்ளெய்மை மறுக்க அது ஒன்றே போதும்.

அப்புறம் அந்தத் தென்னை மரம். கூரைத் தகடு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், முற்றின தேங்காய் ஒன்று விழுந்தால் குழி விழும், நாலு விழுந்தால் ஒழுகும். கேபினைத் தள்ளி வைக்க இடம் இல்லை என்றால் காய் இறக்க ஆள் வைக்க வேண்டும், அந்தக் கூலியையும் 5,26,200-இல் சேர்த்துக்கொள்ளுங்கள்.