எண்ட்பாயிண்ட் பாதுகாப்பு மென்பொருளே ஆபத்தாகிவிடாதா?

நாற்பது கம்ப்யூட்டர் உள்ள அலுவலகத்துக்கு எண்ட்பாயிண்ட் பாதுகாப்பு மென்பொருள் (ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருந்துகொண்டு வைரஸைத் தடுப்பது) வாங்கலாமா, அதுவே புது ஆபத்தைக் கொண்டுவராதா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக வாங்குங்கள். ஆனால் உங்கள் பயம் நியாயமானது.

வைரஸைப் பிடிக்க வேண்டுமென்றால் அதைவிட அதிக அதிகாரம் வேண்டும். அதனால் இவற்றில் பல, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே டிரைவராகப் போய் உட்காருகின்றன. சாதாரண மென்பொருள் தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் இருப்பது தடுமாறினால் மெஷினே நீலத் திரையோடு விழும். 2024 ஜூலை 19 அன்று நடந்தது அதுதான். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கண்டறிதல் கோப்பு (எதை ஆபத்து என்று பிடிக்க வேண்டும் என்ற குறிப்பு) 21 தகவல்களைக் கேட்டது. மெஷினில் இருந்த நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய்ச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. இந்திய நேரப்படி காலை 9:39க்கு வந்த கோப்பை 10:57க்கே திருத்திவிட்டார்கள். ஆனால் விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக, அத்தியாவசிய நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எச்சரிக்கையாக ஒரு பதிப்பு பின்தங்கியே வைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அந்தக் கட்டுப்பாடு மென்பொருள் பதிப்புக்கு மட்டும்தான். கண்டறிதல் கோப்பு எல்லோருக்கும் ஒரேயடியாகப் போனது. ஆகவே விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: கண்டறிதல் கோப்புகளையும் முதலில் இரண்டு மூன்று மெஷினுக்கு விட்டுப் பார்க்க முடியுமா? சில மணி நேரம் பொறுத்தால் போதும். வாரக் கணக்கில் தள்ளினால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு நாமே கதவைத் திறந்து வைத்ததாகிவிடும்.

அப்புறம், எக்ஸ்க்ளூஷன் பட்டியல், அதாவது ‘இவற்றைச் சோதிக்காதே’ என்று ஆன்டிவைரஸுக்குச் சொல்லும் பட்டியல். எனக்கு அதிகக் கவலை இதில்தான். முன்பு நான் வேலை பார்த்த நூல் மில்லில், ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளன்று அக்கவுண்ட்ஸ் அக்கா ஓடி வந்தார். "தம்பி, பில் போடுற ஐகானே காணோம்!" ஆன்டிவைரஸ் அந்த எக்ஸி கோப்பைத் சந்தேகப்பட்டுத் தூக்கி குவாரன்டைனில் தனியே அடைத்துப் போட்டிருந்தது. பில்லிங் மென்பொருள்காரரிடம் பேசினால், "எங்க ஃபோல்டர் முழுசையும் எக்ஸ்க்ளூஷன்ல போட்டுடுங்க சார்" என்றார். போட்டேன், வேலை நடந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த கிராக் செய்த பிடிஎஃப் எடிட்டர் அதே ஃபோல்டருக்குள் கிடந்தது. வேறு இடத்துக்கு மாற்றியதும் ஆன்டிவைரஸ் உடனே அலறியது. அத்தனை மாதமும் அதன் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

இப்போது ஃபோல்டரை விலக்குவதே இல்லை. அந்த ஒரு கோப்பின் ஹாஷை (கைரேகை போல அந்தக் கோப்புக்கே உரிய அடையாளம்) மட்டும், தேதி எழுதி விலக்குகிறேன். அந்த மென்பொருளுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் ஹாஷ் மாறும், திரும்பப் போட வேண்டும். அந்தச் சிரமத்தைப் படலாம்.

நாற்பது மெஷினையும் ஆட்டிவைக்கும் அட்மின் கன்சோலுக்கு இரண்டடுக்கு லாகின் கட்டாயம். டிஸ்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் எல்லா ரெக்கவரி கீயையும் தாளில் அச்சிட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். சேஃப் மோடுக்குள் போகவே அந்த 48 இலக்கக் கீ தேவைப்படலாம். அவற்றைச் சேமித்து வைத்த சர்வரும் அன்றைக்குச் சேர்ந்தே விழுந்து கிடக்கலாம்.