கறுப்பு கேரட் கேலஸில் ஊதா நிறம் வரவில்லை: பதில்

தர்மபுரி கல்லூரி ஆய்வகத்தில் கறுப்பு கேரட் கேலஸ் (வேர், இலை என்று பிரியாத செல் திரள்) நன்றாகப் பெருகியும் வெளுத்தே கிடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என் சந்தேகம், செல் பெருக ஊடகத்தில் (சத்துக் கலவையில்) சேர்க்கும் 2,4-டி என்ற செயற்கை ஹார்மோன் மேல்தான். அது இருக்கும்வரை செல் பெருகிக்கொண்டே போகும், ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமியின் பக்கம் திரும்பாது. வளர்ந்த கேலஸை 2,4-டி இல்லாத ஊடகத்துக்கு மாற்றிப் பாருங்கள். சர்க்கரையை 3 சதவீதத்திலிருந்து 5 ஆக்கலாம். தட்டுகள் இருட்டில் இருந்தால் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள்.

1980களில் ஜப்பானில் ஷிகோனின் என்ற சிவப்பு நிறமியைச் செல் வளர்ப்பு வழியே தொழிற்சாலை அளவில் எடுத்தார்களே, அதிலும் இரண்டு கட்டம்தான்: ஒரு ஊடகத்தில் வளர்ப்பு, அப்புறம் வேறொன்றில் நிறம். ஆனால் ஷிகோனினுக்கு வெளிச்சம் ஆகாது, அதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம்.

சித்திரையில் கரண்ட் போய் ஏசி நின்றால் நம்ம ஊர் அறை அடுப்புதான். 25 டிகிரி பக்கமே வைத்திருங்கள், சூடு ஏறினால் இருக்கிற நிறமும் மங்கிவிடும்.