மெமரி கார்டு போட்டும் இடமில்லை என்கிறதே!

கேள்வி: 2020 ஊரடங்கில் பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய ஆண்ட்ராய்டு டேப், 32 ஜிபி. இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். பத்து நாளாக ஒரு அப்டேட் பாதி இறங்கி நிற்கிறது. அப்புறம் ‘போதிய இடமில்லை’ என்று வருகிறது. 64 ஜிபி மெமரி கார்டு வாங்கிப் போட்டேன். அப்போதும் அதே பாட்டு. கடையில் கேட்டால், “சாஃப்ட்வேர் மாத்திப் போடணும் சார், 1,200 ரூபாய் ஆகும். இல்லேன்னா புதுசு வாங்கிடுங்க” என்கிறார்கள். எதைச் செய்வது? 32 ஜிபி என்று விற்றுவிட்டு உள்ளே அவ்வளவு இல்லையே, அது ஏமாற்று இல்லையா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், ராஜபாளையம்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் சார். மெமரி கார்டு போட்டது வீண் செலவும் இல்லை. ஆனால் அப்டேட் அந்தக் கார்டில் போய் உட்காராது. டேபின் சொந்த ஸ்டோரேஜில்தான் அதற்கு இடம் வேண்டும். கார்டைப் போட்டதும் பழைய படங்களெல்லாம் தானாக அதற்குள் குடியேறிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். ‘ஃபைல்ஸ்’ ஆப்பைத் திறந்து, படங்களையும் வீடியோக்களையும் தேர்ந்தெடுத்து, ‘காப்பி’ அல்ல, ‘மூவ்’ கொடுங்கள். காப்பி கொடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதற்கு முன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து, எந்த ஆப் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொன்ன கதையை வைத்து எனக்கு ஒரு சந்தேகம்: பேத்தியின் பாட ஆப் இன்னும் அதில் இருக்கிறதா? ஆஃப்லைனில் பார்க்க இறக்கி வைத்த பாட வீடியோக்கள் அந்த ஆப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும், கேலரியில் தெரியாது. பேத்தியைக் கேட்டுக்கொண்டு ஆப்பையே நீக்கிவிட்டால் அவையும் சேர்ந்து போகும். இந்த டேபில் வாட்ஸ்அப் இருந்தால் அடுத்து அதைப் பாருங்கள். அதன் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. பெரிய வீடியோக்களையும், பலமுறை ஃபார்வேர்டு ஆனவற்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். என் அம்மாவின் டேபில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களே ஒரு தோட்டத்துக்கு இருந்தன.

படங்களை அழிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், அங்கே ஒரு படத்தை அழித்தால் இணையத்தில் இருக்கும் பிரதியும் சேர்ந்தே போகும். டேபில் மட்டும் இடம் வேண்டுமென்றால் கூகுள் போட்டோஸிலேயே ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று ஒன்று இருக்கிறது. பேக்கப் ஆனவற்றை மட்டும் டேபிலிருந்து எடுத்துவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில் ஜிமெயிலுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். கேலரியில் அழித்தவை பல டேப்களில் குப்பைத் தொட்டியில் ஒரு மாதம் வரை கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கூடும்.

ஆப்களில் ‘கிளியர் கேஷ்’ கொடுத்தால் பாதகமில்லை, ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்தவை மட்டுமே போகும். பக்கத்திலேயே இருக்கும் ‘கிளியர் டேட்டா’வில் விரல் பட்டால் அந்த ஆப் புதிதாக இறக்கியதுபோல் ஆகிவிடும், லாகின் உட்பட எல்லாம் போகும். ‘ஒரே தட்டில் டேபைச் சுத்தம் செய்கிறோம்’ என்று விளம்பரம் வரும் ஆப்களை இறக்காதீர்கள். இருக்கிற இடத்தையும் அவை அடைக்கும்.

இடம் எவ்வளவு வேண்டும்? அப்டேட்டின் அளவைப் போல இரண்டு மூன்று மடங்காவது காலியாக இருக்கட்டும். பிறகு டேபை ஒருமுறை அணைத்து ஆன் செய்து, தேதியும் நேரமும் சரிதானா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தாலே சர்வரோடு இணைப்பு கிடைக்காமல் போவதுண்டு. சார்ஜரில் போட்டு, நல்ல வைஃபையில் மீண்டும் தொடங்குங்கள். இறங்கும்போது நின்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி முயலலாம். இறங்கி முடிந்து, திரையில் கோடு ஓடி இன்ஸ்டால் ஆகும் கட்டத்தில் மட்டும் அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

கடைக்காரர் சொல்லும் ‘சாஃப்ட்வேர் போடுவது’ பொதுவாக டேபை மொத்தமாகத் துடைத்துவிட்டு எழுதுவது. பேத்தியின் படங்கள் உட்பட எல்லாம் போகும். அதோடு, ரீசெட் ஆன பிறகு டேப் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும். அது பேத்தியின் பெயரிலோ மகனின் பெயரிலோ இருந்து, யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால் திண்டாட்டம்தான். கடைசியில் கடைக்குத்தான் போக வேண்டும் என்றாகிவிட்டால், படங்களைக் கார்டுக்கு மாற்றி, கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். என்ன வேலை செய்தார்கள் என்று எழுதிய பில்லும் வாங்குங்கள்.

32 ஜிபி விஷயம்: பெட்டியில் போட்டிருப்பது 3,200 கோடி பைட். 1024ஆல் மூன்று முறை வகுத்துக் கணக்கிட்டால் சுமார் 29.8 ஜிபி. அதிலும் கணிசமான பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் இதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்காது என்பது என் கருத்து. வேறு விதமாக ஏமாற்றியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்த டேப் வாங்கும் நாள் வந்தால் 128 ஜிபிக்குக் கீழே பார்க்காதீர்கள். எத்தனை ஆண்டுக்கு அப்டேட் தருவார்கள் என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: ஐபேடிலும் இதே வழிதானா?
— வாசகி, திருச்சி

பதில்: ஓரளவுக்கு. செட்டிங்ஸ், ஜெனரல், ஐபேட் ஸ்டோரேஜ் என்று போனால், பாதியில் நின்ற அப்டேட்டே பட்டியலில் இருக்கும். அதை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். இடம் பற்றவே இல்லையென்றால் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டர் வழியாக அப்டேட் செய்யுங்கள், ஐபேடில் அவ்வளவு காலியிடம் தேவைப்படாது. ஆப்பிள் லோகோவிலேயே உறைந்து, கம்ப்யூட்டரோடு இணைத்துச் சரிசெய்யும் ரெகவரி மோடுக்குப் போக நேர்ந்தால் கம்ப்யூட்டர் ‘அப்டேட்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டைக் கேட்கும். முதலாவதை அழுத்துங்கள், இரண்டாவது எல்லாவற்றையும் அழித்துவிடும்.