கோடுகளுக்கிடையே ஓர் ஊதா

கேள்வி: பிரித்தானிய ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1967இல் வரைந்த ‘சான்ட் 2’ ஓவியத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். வெள்ளைத் தளத்தில் சிவப்பு, நீலக் கோடுகள் மட்டுமே உள்ளன என்கிறார்கள். எனக்கோ ஊதாச் சாயலும் தெரிகிறது. பிழை அச்சிலா, என் கண்ணிலா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கண் மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து, ஒரேயொரு சிவப்புக் கோடு மட்டும் தெரியும்படி மற்றவற்றை மூடிப் பாருங்கள், ஊதா போய்விடும். தாள்களை விலக்கினால் திரும்பி வரும்.

பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஷெவ்ரல், பாரிஸின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்திலுள்ள நீலமும் ஊதாவுமே அதை அப்படிக் காட்டுகின்றன என்று கண்டார். அதன் விரிவான விளக்கம் 1839இல் நூலாக வந்தது. அகன்ற பட்டைகள் இவ்வாறு ஒன்றையொன்று எதிர்த்து நிற்க, மெல்லிய கோடுகளில் நிலைமை தலைகீழாகி, அயல் நிறங்கள் ஒன்றிலொன்று ஊறுகின்றன. மருதமுனைக் கைத்தறிச் சேலையைக் கையில் எடுத்தாலே இது புரியும்: ஒரே சிவப்பு நூல், வெள்ளை இழையோடு நெருங்கி ஓடும் இடத்தில் இளகியும், கறுப்போடு ஓடும் இடத்தில் இருண்டும் தெரியும்.

‘சாரத்துணி மாதிரி இருக்கிறதே’ என்று இவ்வகை ஓவியங்களைச் சிலர் கேலி செய்வதை நானும் கேட்டிருக்கிறேன். நெசவாளர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். 1961இலிருந்து கறுப்பு வெள்ளையிலேயே கண்ணைத் தடுமாற வைத்த ரைலி, நிறத்துக்கு வந்தபோது வளைவுகளையும் சதுரங்களையும் விட்டு நேர்கோட்டைத் தேர்ந்தது காரணத்தோடுதான். நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுவது பெரும்பாலும் விளிம்பில். குறைந்த பரப்பில் மிக நீண்ட விளிம்பைத் தருவது கோடு. அதோடு, உருவம் என்று கவனிக்க அதில் எதுவுமில்லாததால் பார்வை நிறத்திலேயே தங்குகிறது.

அச்சுக்கும் இதில் ஒரு பங்குண்டு. மூல ஓவியம் இரண்டு மீற்றருக்கும் அதிகமான உயரமும் அகலமும் உடையது. பக்க அளவுக்குச் சுருங்கும்போது கோடுகள் மயிரிழையாகி, நிறங்கள் கலப்பது கூடிவிடுகிறது. புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தால் ஊதா சற்றே பின்வாங்கும்.

கேள்வி: ரைலி தம் ஓவியங்களைத் தாமே தீட்டுவதில்லையாமே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான். தாள்களில் நிறங்களையும் கோட்டின் அகலத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்து அவர் முடிவு செய்வார். பெருந்துணியில் தீட்டுவோர் உதவியாளர்கள். தூரிகையின் தடம் எங்காவது தெரிந்தால் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும், நிறத்தைப் பார்க்காது.