தவறுக்கு என்ன விலை? ஆக்‌ஷன் ஆர்பிஜி ஆட்டங்கள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: டயாப்லோ 4, பாத் ஆஃப் எக்ஸைல் 2, லாஸ்ட் எபாக் ஆகிய மூன்றில் ஒன்றுக்குத்தான் எனக்கு நேரம் இருக்கிறது. வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மூன்றும் ஆக்‌ஷன் ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரத்தை வளர்த்தபடியே நேரடியாகச் சண்டையிடும் ஆட்டங்கள்; ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், கூட்டங்கூட்டமாக வந்து விழும் எதிரிகள், அவர்களிடமிருந்து சிதறும் பொருட்கள், அவற்றில் நமக்கு உதவுவதைப் பொறுக்கியெடுக்கும் தீராத ஆசை என்று 1990-களின் பிற்பகுதியில் முதல் டயாப்லோ வகுத்துக் கொடுத்த இலக்கணத்தை இம்மூன்றும் மீறுவதில்லை. எனவே கிராஃபிக்ஸையும் பாஸ்கள் எனப்படும் பெரிய எதிரிகளின் எண்ணிக்கையையும் வைத்து ஒப்பிட்டால் பெரிதாக ஒன்றும் பிடிபடாது. நான் கையாளும் அளவுகோல் வேறு: நாம் ஒரு தவறு செய்துவிட்டால், அந்த ஆட்டம் நம்மிடமிருந்து எதைப் பறிக்கிறது, எவ்வளவு பறிக்கிறது?

2023 ஜூனில் வெளியான டயாப்லோ 4 மிகக் குறைவாகவே பறிக்கிறது. திறன்களை வளர்க்கும் ஸ்கில் புள்ளிகளைத் தவறாகப் போட்டுவிட்டால் கொஞ்சம் தங்கம் கொடுத்துத் திரும்பப் பெறலாம். சாதாரண ஆட்டமுறையில் செத்தால் உபகரணங்கள் சற்றுத் தேய்வதோடு சரி. அடிக்கும் அடியின் கனம், அது விழும் ஓசை, விழுந்தவன் சிதறும் விதம் ஆகியவற்றில் மற்ற இரண்டும் இதன் அருகே வர முடியாது. ஆனால் தவறு மலிவாக இருக்கும் இடத்தில் முடிவுகளுக்கும் எடை குறைந்துவிடுகிறது. தொடக்கத்தில், தூரத்து எதிரிக்குக் கூடுதல் சேதம், அருகிலுள்ள எதிரிக்குக் கூடுதல் சேதம் என்று நிபந்தனை போட்ட பண்புகள் ஒவ்வொரு பொருளிலும் வரிசை கட்டி நின்றன. சண்டையிட்ட நேரத்தைவிட அவற்றைப் படித்துக் கழித்த நேரமே அதிகம். 2024 மே மாதத்தில் வந்த நான்காவது சீசன் என்ற புதுப்பிப்புதான் அந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளியது.

பாத் ஆஃப் எக்ஸைல் 2 இதற்கு நேர் எதிர். 2024 டிசம்பரில் முழுமையடையும் முன்பே, முன்னோட்ட நிலையில் வெளியான இந்த ஆட்டத்தில், உருண்டு விலகும் அசைவைச் சரியான கணத்தில் செய்யக் கற்காதவர் முதல் அத்தியாயத்தின் பாஸிடமே திணறுவார். கதை முடிந்தபின் வரும் இறுதிக்கட்டத்தில் ஒருமுறை செத்தால் அந்த லெவலுக்கான அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கு பறிபோகும். உயர்ந்த லெவல்களில் அந்தப் பங்கு உங்களுடைய அந்த ஒரு மணி நேர உழைப்பு முழுவதுமாக இருக்கக்கூடும். வெளியான புதிதில், ஒரே சாவில் அந்த வரைபடமே, அதாவது விளையாடிக்கொண்டிருந்த களமே, மூடிக்கொண்டது. எதிர்ப்பு எழுந்தபின் தளர்த்தினார்கள். பாஸ் சண்டைகளின் வடிவமைப்பில் இதுவே மூன்றிலும் முதலிடம் பெறும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பகலெல்லாம் உழைத்துவிட்டு வருபவருக்கு இது இன்னொரு வேலையாகிவிடலாம்.

லாஸ்ட் எபாக் 2024 பிப்ரவரியில் முழு வடிவம் பெற்றது. தவறுக்கு ஒரு விலை வைத்து, அந்த விலையை முன்கூட்டியே கண்ணில் காட்டுவதுதான் இதன் தனிச்சிறப்பு. பொருட்களை மெருகேற்றும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஊருக்குத் திரும்பி ஒரு கொல்லனைத் தேட வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே திறக்கலாம். உங்கள் தலைக்கவசத்தில் இன்னும் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை ஓர் எண் சொல்கிறது. ஒவ்வொரு முறை ஒரு பண்பை உயர்த்தும்போதும் அந்த எண் கொஞ்சம் கரையும். எவ்வளவு கரையும் என்பது மட்டும் அதிர்ஷ்டம். உயிர்ப் புள்ளிகளை ஏற்றுவதா, நெருப்பெதிர்ப்பை ஏற்றுவதா என்று தயங்கி, இரண்டில் ஒன்றை அழுத்திவிட்டு, எண் பாதியாக இறங்குவதைப் பார்க்கும்போது ஒரு சூதாட்டப் பதற்றம் வரும். ஆனால் பொருள் உடைந்து போகாது. எண் தீர்ந்தால் அதற்குமேல் மெருகேற்ற முடியாது, அவ்வளவுதான். இந்த வழியில் ஐந்தாம் படி வரைதான் உயர்த்தலாம். ஆறும் ஏழும் கீழே விழும் பொருட்களில் தேடிக் கண்டெடுக்க வேண்டியவை. ஆகவே பட்டறை வந்துவிட்டதால் வேட்டையின் சுவை குன்றிவிடவில்லை. எதைக் காட்டு, எதை மறை என்று நாமே விதி எழுதிக்கொள்ளும் வடிகட்டி ஆட்டத்துக்குள்ளேயே இருப்பது இன்னொரு வசதி.

குறைகளும் உண்டு. கதை சப்பென்று இருக்கிறது. காலப்பயணத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு மந்தமாகவும் கதை சொல்ல முடியும் என்பதே வியப்பு. அடிகளில் டயாப்லோவின் கனம் இல்லை. இறுதிக்கட்டம் சில வாரங்களில் பழகிப்போய்விடும். இருந்தும் இரவில் ஒரு மணி நேரம் என்ற உங்கள் நிபந்தனைக்கு என் பரிந்துரை லாஸ்ட் எபாக்தான்.

கேள்வி: பாத் ஆஃப் எக்ஸைலின் திறன் மரத்தைத் திறந்து பார்த்து, மிரண்டுபோய் அப்படியே மூடிவிட்டேன். அவ்வளவு பெரிய மரம் உண்மையிலேயே தேவையா, அல்லது வெறும் பகட்டா?

பதில்: பாதி பகட்டு, பாதி உண்மை. 2013-ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த கிரைண்டிங் கியர் கேம்ஸ் வெளியிட்ட முதல் ஆட்டத்தின் மரத்தில் 1300-க்கும் மேற்பட்ட கணுக்கள் (புள்ளி போட்டுத் திறக்கும் இடங்கள்) உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வழிப்போக்கர் தங்கும் சத்திரங்கள். சிறிதளவு வலிமையோ அறிவோ கொடுத்து அடுத்த இடத்துக்கு அனுப்பிவைப்பவை. உண்மையான முடிவுகள் மூலைகளில் இருக்கும் பெரிய கணுக்களில்தான் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் அதிகபட்ச உயிர்ப் புள்ளியை 1 ஆக்கிவிடும். அதற்கு ஈடாக, ‘கேயாஸ்’ என்ற வகைச் சேதம் உங்களை இனித் தொடவே தொடாது. எச்சில் துப்பினாலே செத்துவிடும் உடலோடு, அதைச் சுற்றிய ஆற்றல் கவசத்தை மட்டும் நம்பி நீங்கள் நடமாட வேண்டும். இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் அடி எப்போதும் குறி தவறாது, ஆனால் மும்மடங்கு நான்மடங்காகப் பாயும் அதிர்ஷ்ட அடி ஒருபோதும் விழாது. ஒன்றைப் பெற வேண்டுமானால் ஒன்றை இழ என்னும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அந்த ஆட்டத்தின் உயிர். இதன் அழகை டயாப்லோ 4-இன் மரத்தில் தேடினால் கிடைக்காது.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இருபது மணி நேரத்துக்கு முன்பு செய்த தவறான தேர்வு, கதை முடிந்து கடினமான வரைபடங்கள் தொடங்கும்போதுதான் முகத்தில் அறையும். எங்கே தவறினோம் என்று ஆட்டம் சொல்லாது. ரசிகர்களே உருவாக்கிய ‘பாத் ஆஃப் பில்டிங்’ என்ற கணக்கிடும் மென்பொருள் இல்லாமல் தேர்ந்த ஆட்டக்காரர்கள்கூடத் திட்டமிடுவதில்லை என்பது, என் பார்வையில், ஆட்டத்துக்குப் பெருமை அல்ல. தன் கணக்கைத் தானே விளக்கத் தெரியாத ஆட்டம் அது என்பதற்கான சாட்சி. முதன்முறை விளையாடுபவர் அனுபவசாலி ஒருவரின் பில்டை, அதாவது கதாபாத்திரத்தை வளர்க்கும் திட்டத்தை, அப்படியே பின்பற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மரத்தின் ஆழம் வேண்டும், மிரட்டல் வேண்டாம் என்றால் 2016-இல் வெளிவந்த கிரிம் டானைப் பாருங்கள். இரண்டு வித்தைகளை (திறன் தொகுப்புகளை) சேர்த்து ஒரு கதாபாத்திரத்தை வார்க்கும் ஆட்டம் அது. முதல் இரண்டு பெரிய விரிவாக்கங்களோடு சேர்த்து ஒன்பது வித்தைகள், ஆக 36 சேர்க்கைகள். எந்தச் சேர்க்கையை எடுத்தாலும் கதையை முடித்துவிடலாம்.

கேள்வி: சென்ற இதழில் டயாப்லோ 3-ஐத் ‘தோற்றுப்போன ஆட்டம்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். நான் அதைப் பல ஆண்டுகளாக மகிழ்ச்சியோடு விளையாடிவருகிறேன். இது நியாயமா?

பதில்: நியாயம் அல்ல; ஏற்றுக்கொள்கிறேன். நான் மனத்தில் வைத்து எழுதியது 2012 மே மாதத்தில் வெளியான வடிவத்தை. அன்று சர்வருக்குள் நுழையவே முடியாமல் ‘பிழை 37’ என்ற செய்தியைப் பார்த்துக் கொண்டிருந்தவர்கள் ஏராளம். அதைவிடப் பெரிய நோய் ஏலக்கூடம். உண்மையான பணத்துக்கே பொருட்களை விற்கவும் வாங்கவும் வழி செய்துவிட்டதால், அரக்கனைக் கொன்று வாளைத் தேடுவதைவிட ஏலத்தில் வாங்குவதே புத்திசாலித்தனம் என்றாகிவிட்டது. வேட்டை ஆட்டத்தில் வேட்டைக்கு வேலையில்லாமல் போனால் என்ன மிஞ்சும்? 2014 மார்ச் 18 அன்று அதை மூடினார்கள். அதே மாதத்தில் ‘ரீப்பர் ஆஃப் சோல்ஸ்’ விரிவாக்கமும் வந்தது. பொருட்கள் விழும் விதியும் மாற்றப்பட்டு, நம் கதாபாத்திரத்துக்குப் பொருந்துபவை அதிகம் விழத் தொடங்கின. நீங்கள் மகிழ்ந்து விளையாடுவது இந்த இரண்டாம் பிறவியை.

என் அளவுகோலில் அது ஒரு விளிம்பில் நிற்கிறது: தவறுக்கு விலையே இல்லை. எந்த ஸ்கிலையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். டயாப்லோ 2-இலோ, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்ததிலிருந்து 2010-இல் ஒரு திருத்தம் வரும்வரை, போட்ட புள்ளி போட்டதுதான். பிடிக்காவிட்டால் புதிய கதாபாத்திரத்தோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கடுமையைப் பார்த்தவர்களுக்கு மூன்றாம் பாகத்தின் தாராளம் எரிச்சலூட்டியது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் என் பழைய வரியில் கொஞ்சம் வயதின் முணுமுணுப்பும் கலந்திருக்கலாம்.

கேள்வி: எல்டன் ரிங்கையும் ஆக்‌ஷன் ஆர்பிஜி என்கிறார்கள், டயாப்லோவையும் அப்படியே சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுத்துவது?

பதில்: பெயர் ஒன்று, குடும்பம் வேறு. டயாப்லோ வகையில் உங்கள் வலிமை பெரும்பாலும் உபகரணத்தில் இருக்கிறது. எல்டன் ரிங் வகையில் அது உங்கள் விரலிலும் பொறுமையிலும் இருக்கிறது.

ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட்டைச் சந்தித்தவர்களுக்கு இது உடலளவில் தெரியும். அவன் கைத்தடியைத் தூக்குகிறான். நீங்கள் உருண்டு விலகுகிறீர்கள். தடி இன்னும் மேலேயே இருக்கிறது. நீங்கள் உருண்டு முடித்து எழுந்து நிற்கும்போது, அதற்காகவே காத்திருந்ததுபோல் அது இறங்குகிறது. தடி உயர்வதைப் பார்த்து விலகக் கூடாது, இறங்குவதைப் பார்த்து விலக வேண்டும் என்பதை அவன் கற்றுக்கொடுத்த பிறகுதான் கோட்டைக்குள் விடுகிறான். செத்தால் லெவலை உயர்த்தச் சேர்த்து வைத்து, கையிலிருந்த ரூன்கள் அனைத்தும் அங்கேயே கிடக்கும். திரும்பிச் சென்று எடுக்கலாம், எடுப்பதற்குள் மீண்டும் செத்தால் போனது போனதுதான். டீமன்ஸ் சோல்ஸ் நாளிலிருந்து தொடரும் இந்த ஏற்பாடு, தவறுக்கு விலை வைப்பதோடு, அந்த விலையை மீட்க ஒரே ஒரு வாய்ப்பையும் தருகிறது. இதைவிட நேர்த்தியான தண்டனையை நான் வேறெந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

அதே குடும்பத்துப் போட்டியாளர் 2017-இல் தொடங்கிய நியோ. வாள் வீசி முடித்ததும் உடலைச் சுற்றி நீல ஒளித்துகள்கள் திரளும். அவை குவியும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் இழந்த மூச்சு திரும்பும். தாக்குவதும் மூச்சு வாங்குவதும் ஒரே தாளத்தில் நடக்கும் இந்த ஏற்பாட்டினால், தூய வாட்சண்டை என்று பார்த்தால் நியோ எல்டன் ரிங்கை மிஞ்சுகிறது. ஆனால் பொருட்களை மழைபோல் கொட்டுவதில் டயாப்லோவைப் பின்பற்றிய நியோ, அதன் நோயையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது: ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் முப்பது வாள்களை விற்றுக் கொண்டிருக்க வேண்டும். எல்டன் ரிங்கில் ஒரு வாள் கிடைத்தால் அது ஒரு நிகழ்ச்சி. அதன் பலவீனம் வேறிடத்தில்: பரந்த உலகில் சிறு குகைகளும் அவற்றின் பாஸ்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. யாரிடம் என்ன பேசினோம் என்று குறித்துவைக்காவிட்டால் பாதிக் கதை கைநழுவும்.

கேள்வி: தி விட்சர் 3-இல் சண்டை சுமார்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு ஏன் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: சண்டைக்கு முந்தைய அரை மணி நேரத்துக்காக. 2015-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தின் தொடக்கக் கிராமத்திலேயே, பாழடைந்த கிணற்றைச் சுற்றும் ஒரு நண்பகல் ஆவியை ஒழிக்கும் பணி உண்டு. நேராகப் போய் வாளை உருவினால் நடக்காது. அவள் யார், எப்படிச் செத்தாள் என்று துப்புத் துலக்கி, கிணற்றுக்குள் இறங்கி அவளுடைய கைவளையை எடுத்து வந்து, எலும்புகளோடு சேர்த்து எரித்தால்தான் அவள் வெளிப்படுவாள். உருவமற்று நழுவுபவளைத் தரையில் வரைந்த மந்திர வட்டத்துக்குள் இழுத்தால்தான் வாள் அவள்மேல் ஆழப் பாயும். பார்த்தால் பத்துப் பொத்தான் அழுத்தல்தான். ஆனால் அதற்குள் ஒரு வாழ்க்கை தெரிந்துவிடுகிறது. இங்கே தவறின் விலையும் உபகரணத்திலோ புள்ளிகளிலோ இல்லை. தவறாக ஒருவரை நம்பினால் பல மணி நேரம் கழித்து வேறொருவர் அதற்காகச் சாவார்.

கேள்வி: இணைய இணைப்பு இல்லாமல் விளையாட இவற்றில் எவை ஏற்றவை?

பதில்: கிரிம் டான், லாஸ்ட் எபாக், தி விட்சர் 3, எல்டன் ரிங் ஆகியவற்றைத் தனியாக, இணைப்பின்றி விளையாடலாம். டயாப்லோ 4-உம் இரண்டு பாத் ஆஃப் எக்ஸைல்களும் இணைப்பு இல்லாமல் நகராது.

கேள்வி: மவுஸா, கன்ட்ரோலரா?

பதில்: எல்டன் ரிங், நியோ ஆகியவற்றுக்குக் கன்ட்ரோலர். முதல் பாத் ஆஃப் எக்ஸைலுக்கு மவுஸ். பொருட்களை அடுக்குவதற்கே அது வேண்டும். இரண்டாம் பாகத்தில் விசைப்பலகையால் நடந்து மவுஸால் குறிபார்க்கும் முறை இருக்கிறது. வில்லேந்திய கதாபாத்திரத்தோடு பின்வாங்கியபடியே அம்பு விட்டுப் பார்த்தவர் வேறு முறைக்குத் திரும்ப மாட்டார்.